சொத்தையைக் கொஞ்சம் உள்ளேயே விட்டு அடைத்தால் கிருமி என்ன ஆகும்?

கேள்வி இதுதான். கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. மருத்துவர் சுற்றிலும் நன்றாகச் சுத்தம் செய்தார். அடியில் மெத்தென்று இருந்த கொஞ்சத்தை மட்டும் அப்படியே விட்டு அடைத்துவிட்டார். "அதையும் தோண்டினா நரம்பு வெளியே தெரிஞ்சிடும், விட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அனுப்பினார். உள்ளே இருக்கும் கிருமி பல்லை அரித்துக்கொண்டே இருக்காதா? ட்ரில், கைக்கருவி, பப்பாளி ஜெல், லேசர் என்று பல வழி சொல்கிறார்களே, எதில் கிருமி முழுசாகப் போகும்?

நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிலும் முழுசாகப் போகாது. போக வேண்டிய அவசியமும் இல்லை. அடைப்பின் விளிம்பு நல்ல பல்லோடு இறுக ஒட்டிக்கொண்டால், உள்ளே மாட்டிய கிருமிக்குச் சர்க்கரை வரும் வழி அடைபடுகிறது. பெரும்பாலானவை சாகின்றன, மிச்சம் இருப்பவை முடங்குகின்றன. உங்கள் மருத்துவர் செய்தது அலட்சியம் அல்ல, இன்று ஏற்கப்பட்ட முறை. ஆனால் அது பலிக்கச் சில நிபந்தனைகள் உண்டு, அவற்றில் ஒன்று தவறினாலும் முறை தோற்கும்.

நம் ஊரில் சொத்தைப் பல்லுக்குப் 'பூச்சிப்பல்' என்று பெயர். கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அந்தப் புகையைப் பிடித்தால் பூச்சி விழும் என்பது பழைய கைவைத்தியம். பூச்சி என்று மனதில் பதிந்துவிட்டால், அதைப் பிடித்து வெளியே போடும்வரை நிம்மதி வராது. சொத்தையின் இயல்பு வேறு. நம் எச்சிலில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 கோடி பாக்டீரியா எப்போதும் இருக்கின்றன. அடிக்கடி சர்க்கரை கிடைக்கும் வாயில், பல்மேல் படியும் பாக்டீரியாப் படலத்துக்குள் அமிலம் சுரப்பவையும் அந்த அமிலத்தைத் தாங்குபவையும் கை ஓங்குகின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பெயர்பெற்றது. ஆனால் குழி ஆழமாக ஆக லாக்டோபேசில்லஸும் பிஃபிடோபாக்டீரியமும்தான் அங்கே பெருகுகின்றன. பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல்) 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேலோடான எனாமல் கரையும். உள்ளே இருக்கும் டென்டின் இன்னும் மென்மையானது, 6-க்குச் சற்று மேலே இருக்கும்போதே கரையத் தொடங்கிவிடும்.

டென்டின் கெட்டியான சுவர் அல்ல, நுண்குழாய்களின் கட்டு. எனாமலை ஒட்டிய இடத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 20,000 குழாய்கள், நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பல்கூழுக்கு அருகில் 45,000-க்கும் மேல். குழாயின் அகலமும் வெளியே ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலிருந்து உள்ளே இரண்டரை மைக்ரான்வரை கூடுகிறது. பாக்டீரியா ஒன்றின் அகலம் அரை மைக்ரானிலிருந்து ஒரு மைக்ரான். அதாவது உள்ளே போகப் போக அவற்றுக்கு வழி அகலமாகிறது, நரம்புக்கும் நமக்கும் இடையே இருக்கும் சுவர் சல்லடையாகிறது. ஆழத்தில் ஒவ்வொரு அரை மில்லிமீட்டரும் விலைமதிப்புள்ளது என்பது இதனால்தான்.

இந்தச் சல்லடைக்குள் அமிலம் முன்னால் போகும், கிருமி பின்னால் வரும். அதனால் சொத்தையில் இரண்டு அடுக்குகள். மேலடுக்கு ஈரமாக, நைந்த பாலாடைக்கட்டி போல இருக்கும். கொலாஜன் நார்கள் சிதைந்து கிருமி மண்டிக் கிடக்கும். இது இனித் தேறாது. கீழடுக்கில் கால்சியம் கரைந்து போயிருக்கும், ஆனால் நார் அமைப்பு குலையாமல் இருக்கும், கிருமி குறைவு. சர்க்கரை வரத்து நின்றால் இந்த அடுக்கு மறுபடியும் கெட்டிப்படும். 1970-களில் ஜப்பானில் ஃபுசாயாமா இந்த இரண்டையும் சாயம் போட்டுப் பிரித்துக் காட்டினார். சிக்கல் என்னவென்றால், இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்தாற்போல எல்லை கிடையாது.

எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? நிறத்தை நம்பவே கூடாது. வருடக்கணக்காக உறைந்துபோன சொத்தை கன்னங்கரேலென்று இருக்கும், தொட்டால் பாறை. வேகமாகப் பரவும் சொத்தை வெளிர் மஞ்சளாக இருக்கும், தொட்டால் சதசதப்பு. பாக்டீரியா எண்ணிக்கையோடு ஒத்துப்போவது ஈரமும் மென்மையும்தான். ஸ்பூன் எக்ஸ்கவேட்டர் என்ற சின்னக் கரண்டிக் கருவியை வைத்து லேசாகத் தள்ளினாலே ஈரச் செதிலாகப் பெயர்ந்து வந்தால் அது மென்மை. அழுத்திச் சுரண்டினால் தோல் போலச் சின்னச் செதில்களாக வந்தால் நடுத்தரம். ப்ரோப் என்ற ஊசிமுனைக் கருவியால் கீறும்போது 'கிறீச்' என்று ஒலித்தால் கெட்டி. கண்ணைவிடக் கையும் காதும் இங்கே நம்பகமானவை.

சாயமும் ஏமாற்றும். குழியில் போட்டால் சிவப்பாகப் பிடிக்கும் அந்தத் திரவம் கிருமியைக் காட்டுவதில்லை, கால்சியம் இழந்த நாரைக் காட்டுகிறது. நரம்புக்கு அருகில் இயல்பாகவே கால்சியம் குறைவு. எனாமலும் டென்டினும் சேரும் இடத்திலும் அப்படித்தான். சிவப்பு மறையும்வரை குடைந்துகொண்டே போனால் நல்ல பல் அநியாயமாகப் போகும். 405 நானோமீட்டர் ஊதா ஒளி அடித்துப் பார்க்கும் முறை சற்று மேல்: கிருமிகள் விட்டுச்செல்லும் போர்ஃபிரின் என்ற பொருள் அந்த ஒளியில் செம்மஞ்சளாக ஒளிரும்.

இப்போது முறைகளுக்கு வருவோம். நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஏரோட்டர் என்ற அதிவேக ட்ரில் எனாமலைத் திறக்கத்தான். அந்த வேகத்தில் கைக்கு எந்த உணர்வும் எட்டாது, நல்லது கெட்டது தெரியாமல் வெட்டிவிடும். உள்ளே இருக்கும் சொத்தைக்கு மெதுவாகச் சுழலும் உருண்டை பர் (ட்ரில்லின் வெட்டுமுனை), 1,500 சுற்று அளவில், குழிக்குப் பொருந்தும் பெரிய அளவு. சின்ன பர் ஓட்டை போடும், பெரியது வழித்தெடுக்கும்.

இதில் வரிசை முக்கியம். முதலில் சுற்றுச்சுவர், கடைசியில் அடித்தளம். விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுற்றிலும் சுத்தமான எனாமலும் கெட்டியான டென்டினும் தெரியும்வரை எடுக்க வேண்டும், அங்கே சலுகை கிடையாது. அடைப்பு ஒட்டப்போவது அந்த வட்டத்தில்தான். பிறகு பர்ரை மாற்றிவிட்டு அடியில் கை வைக்க வேண்டும். சுவரில் இருந்த கிருமியை அதே பர்ரில் தடவி நரம்பின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கக் கூடாது. அடித்தளத்தை முதலில் தோண்டி நரம்பு வெளிப்பட்டுவிட்டால், அழுக்கான சுவர்கள் சுற்றி நிற்கும் நடுவில் திறந்த காயம் என்றாகிவிடும். அதைக் காப்பாற்றுவது கடினம்.

பர் வெட்டிய பரப்பில் 'ஸ்மியர்' என்று ஒரு மெழுகல் படியும். நசுங்கிய நார், கால்சியத் தூள், கிருமி எல்லாம் கலந்து ஒன்றிரண்டு மைக்ரான் கனத்தில் குழாய்களின் வாயை அப்பிக்கொள்ளும். அடைப்பு ஒட்டுவதற்காக அமிலம் தடவும் எட்ச்சிங் செய்யும்போது அது போய்விடும். கையால் சுரண்டினால் இந்த மெழுகல் குறைவு, வலியும் அதிர்வும் குறைவு. அடியில் கிருமி கொஞ்சம் அதிகம் மிஞ்சும். ஆனால் அதனால் தோல்வி கூடுகிறதா என்றால் இல்லை. 1980-களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரம் இல்லாத ஊர்களுக்காகக் கைக்கருவியும் பல்லோடு ஒட்டும் சிமென்ட்டும் (பின்னாளில் கிளாஸ் அயனோமர்) மட்டும் வைத்து ஏஆர்டி என்ற முறை தொடங்கியது. அதில் பல்லின் மேற்பரப்புக் குழிகள் நன்றாக நிலைத்தன. இரு பற்களுக்கு நடுவே போகும் குழிகள்தான் அதிகம் தோற்றன. சுரண்டியது ஒரே விதம், மிஞ்சிய கிருமியும் ஒரே விதம். வேறுபட்டது அடைப்பு எவ்வளவு இறுக்கமாக நின்றது என்பதுதான். இந்த முழு விஷயத்துக்கும் சாவி இங்கே இருக்கிறது.

ஜெல் முறைகளில் இரண்டு குடும்பம். 1998-ல் ஸ்வீடனிலிருந்து வந்த காரிசால்வ், சோடியம் ஹைப்போகுளோரைட்டோடு மூன்று அமினோ அமிலங்களைக் கலந்தது. மற்றது பப்பாளிக் காய்ப் பாலில் இருக்கும் பப்பைன் என்ற நொதி. பிரேசிலின் பாப்பாகாரி 2003-ல் வந்தது, இந்தியாவில் கிராம்பு எண்ணெய் சேர்த்த கேரி-கேர் உண்டு. ஜெல்லைக் குழியில் வைத்து 30 முதல் 60 விநாடி பொறுக்க வேண்டும். தெளிவாக இருந்தது கலங்கும். கூர்மையில்லாத கருவியால் வெட்டாமல் வழித்தெடுத்து, புது ஜெல் வைக்க வேண்டும். கலங்காமல் அப்படியே நின்றால் வேலை முடிந்தது. பப்பைன் சிதைந்த நாரை மட்டும் கரைக்கிறது. நல்ல திசுவில் நொதியைத் தடுக்கும் புரதம் இருப்பதால் அதைத் தொடாது என்பது விளக்கம். கிருமியைக் கொல்லும் வேலையைப் பெரும்பாலும் செய்வது கூடவே இருக்கும் குளோரமைன் போன்ற பொருட்கள்தான், அதுவும் தொட்ட பரப்பில் மட்டும். மிஞ்சும் கிருமி எண்ணிக்கை பர் முறைக்கு ஏறத்தாழ சமம், நேரம் கூடுதல். ஊசிக்கும் சத்தத்துக்கும் பயப்படும் குழந்தைகளுக்கு அருமையான வழி. வீட்டில் பப்பாளிப் பாலை நேரடியாகப் பல்லில் விடும் வேலை மட்டும் வேண்டாம், ஈறு வெந்துவிடும்.

எர்பியம் யாக் லேசர், 2,940 நானோமீட்டர் அலைநீளம், திசுவில் இருக்கும் நீரைச் சட்டென்று ஆவியாக்கித் துகள் துகளாகத் தெறிக்க வைக்கிறது. சொத்தையில் நீர் அதிகம் என்பதால் அதுவே முதலில் போகும். மெழுகல் படியாது, மேற்பரப்பில் கிருமி சாகும். விலையும் நேரமும் அதிகம். ஆழத்துக் குழாய்களுக்குள் இருப்பவை இங்கேயும் மிஞ்சத்தான் செய்யும்.

"99 சதவீதம் கிருமி ஒழிகிறது" என்ற வாசகத்தை இந்த இடத்தில் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். மாதிரியில் 10 லட்சம் பாக்டீரியா இருந்தால், 99 சதவீதம் போன பிறகும் 10,000 மிச்சம். பர் வைத்துக் கெட்டியான டென்டின் வரும்வரை எடுத்த குழியிலும், மாதிரி எடுத்து ஆய்வகத் தட்டில் வளர்த்தால் நூற்றுக்கணக்கில் முளைக்கும். 'முழுசாக எடுத்தாச்சு' என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த பழைய அடைப்புகளுக்குக் கீழேயும் கிருமி இருந்தது. தெரியாமல் விட்டதைத் தெரிந்தே விடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொல்லும் மருந்துகளையும் சொல்ல வேண்டும். அடைப்பதற்கு முன் 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் தடவுவது உண்டு; கிருமியைக் குறைப்பதோடு, அடைப்புக்கும் பல்லுக்கும் உள்ள பிணைப்பை நாளடைவில் அரிக்கும் டென்டின் நொதிகளையும் அது தடுக்கிறது. ஹைப்போகுளோரைட் வலுவாகக் கொல்லும், ஆனால் அது விட்டுச்செல்லும் ஆக்சிஜன், ரெசின் என்ற பிளாஸ்டிக் வகை அடைப்புப்பொருள் இறுகுவதைக் கெடுக்கும். கிருமியைக் கொல்லப் போய் விளிம்பை வீணாக்கினால் லாபம் என்ன? சில்வர் டயமைன் ஃப்ளோரைடு தனி ரகம். 38 சதவீதத் திரவத்தில் ஃப்ளோரைடு மட்டும் சுமார் 44,800 பிபிஎம். குழியைத் துடைத்து உலர்த்தி, ஈறுக்கு வாசலின் தடவி, ஒரு சொட்டைத் தொட்டு ஒரு நிமிடம் வைப்பார்கள். வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை. வெள்ளி கிருமியைக் கொல்கிறது, ஃப்ளோரைடு பல்லைக் கெட்டிப்படுத்துகிறது, சொத்தை கறுத்து இறுகி நிற்கிறது. கறுப்பு நிறம் போகாது. முன்பல்லில் போடும் முன் பெற்றோரிடம் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளி ஒவ்வாமை இருப்பவர்களுக்குக் கூடாது.

இனி, அடைத்த பிறகு உள்ளே நடப்பது. டென்மார்க்கில் பியோர்ண்டால் குழுவினர், மென்மையான சொத்தையை விட்டு அடைத்து, மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தார்கள். அடைக்கும்போது வெளிர் மஞ்சளாக, ஈரமாக, கரண்டிக்கு இளகி வந்தது. திறந்தபோது கரும்பழுப்பாக, உலர்ந்து, கெட்டியாக இருந்தது. பாக்டீரியா எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. எண்ணிக்கை மட்டும் மாறவில்லை, ஆட்களே மாறியிருந்தார்கள். வாயிலிருந்து வரும் சர்க்கரையை நம்பிய லாக்டோபேசில்லஸ் கூட்டம் சரிந்தது. தாக்குப்பிடித்தவை, பல்கூழிலிருந்து குழாய்கள் வழியே கசியும் திரவத்தின் புரதங்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வெட்டித் தின்னத் தெரிந்த சில வகைகள் மட்டும், ஆக்டினோமைசஸ் போல. அந்தச் சொற்ப உணவுக்குப் பல்லைக் கரைக்கும் அளவுக்கு அமிலம் சுரக்க முடியாது. இதற்கிடையில் பல்கூழ் தன் பக்கத்தில் புது டென்டின் படியவைத்துப் பின்வாங்குகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் மெர்ட்ஸ்-ஃபேர்ஹர்ஸ்ட் குழு இன்னும் துணிந்து, விளிம்பை மட்டும் சரிசெய்து கண்ணுக்குத் தெரியும் சொத்தை மேலேயே ரெசின் அடைத்தது. 1998-ல் வெளியான 10 ஆண்டு முடிவில், அடைப்பு இறுக்கமாக நின்ற பற்களில் சொத்தை முன்னேறவில்லை.

மறுபக்கக் கணக்கும் உண்டு. 2010-ல் வெளியான டென்மார்க்–ஸ்வீடன் ஆய்வில், ஆழமான சொத்தையை ஒரே அமர்வில் முழுவதும் எடுத்த பற்களில் 28.9 சதவீதத்தில் நரம்பு வெளிப்பட்டது. கொஞ்சம் விட்டு அடைத்து, பிறகு திறந்து மிச்சத்தை எடுத்து, இப்படி இரண்டு கட்டமாகச் செய்தவற்றில் 17.5 சதவீதம். இரண்டாவது முறை மறுபடி திறப்பதும் தேவையா என்ற கேள்விக்குப் பிரேசிலின் ஆய்வு விடை தந்தது: மூன்று ஆண்டுகளில், ஒரே தடவை விட்டு அடைத்த பற்களில் 91 சதவீதம் உயிரோடு இருந்தன, இரண்டு கட்டத்தில் 69 சதவீதம். வலி போன பிறகு இரண்டாவது கட்டத்துக்கு ஆள் வராமல், தற்காலிக அடைப்பு தேய்ந்து கசிந்ததும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2015-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்த வழி: ஆழமில்லாத குழியில் நடுத்தரக் கெட்டி வரும்வரை எடு, நரம்பை நெருங்கும் குழியில் அடியில் மென்மையானதை விட்டுவிடு, எல்லாவற்றையும் வழித்தெடுக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடு.

பால்பற்களில் ஹால் முறை இதன் எல்லைவரை போகிறது. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் கையாண்ட வழி: சொத்தையைத் தொடவே மாட்டார்கள், ஊசி இல்லை, ட்ரில் இல்லை, ஸ்டீல் கேப்பில் சிமென்ட் நிரப்பிப் பல்மேல் அழுத்திவிடுவார்கள். ஒரு கிருமியையும் எடுப்பதில்லை. ஆனாலும் ஐந்து ஆண்டுத் தொடர் ஆய்வில் பெரிய தோல்விகள் 3 சதவீதம்தான். வழக்கமான அடைப்பில் 16.5 சதவீதம். கேப் பல்லை முழுசாக மூடுகிறது, வாயிலிருந்து துளி சர்க்கரை போகாது.

எப்போது இது தோற்கும்? முதல் காரணம் தவறான பல்லைத் தேர்ந்தெடுப்பது. ராத்திரியில் தானாக வலித்து எழுப்புகிற பல், சில்லென்று பட்டபின் அரை நிமிடத்துக்கு மேல் வலி நீடிக்கிற பல், ஈறில் கொப்புளம் அல்லது வீக்கம் உள்ள பல்: இவற்றில் பல்கூழ் ஏற்கெனவே மீள முடியாத நிலைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம், விட்டு அடைப்பது இவற்றுக்கு வழி அல்ல. இரண்டாவது, விளிம்பு ஈறுக்குக் கீழே போய், ரத்தமும் எச்சிலும் கசியும் இடத்தில் ரெசின் ஒட்டுவது. பல்லைச் சுற்றி ஈரம் வராமல் ரப்பர் டேம் என்ற ரப்பர் விரிப்பைக் கட்ட முடியாத இடத்தில், ஈரத்தைத் தாங்கும் கிளாஸ் அயனோமரை அடியில் வைத்து எழுப்புவது பாதுகாப்பு. மூன்றாவது, நாள்பட விளிம்பு உடைவது. அடைப்பைச் சுற்றி மெல்லிய கோடு இருப்பதாலேயே பயப்பட வேண்டாம்; 0.4 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான பள்ளத்துக்கு அடியில்தான் கிருமி கூடுதலாகக் காணப்பட்டது. அங்கே தொடங்கும் புதுச் சொத்தையும் வெளியிலிருந்து வந்து படியும் புதுப் படலத்தின் வேலை, உள்ளே பூட்டப்பட்ட பழையதன் வேலை அல்ல.

வாய் முழுக்கப் பார்த்தால் என்ன நடக்கிறது என்பதையும் கேட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். திறந்த குழிகளை எல்லாம் அடைத்ததும் எச்சிலில் லாக்டோபேசில்லஸ் நன்றாகக் குறையும், ஏனென்றால் அவற்றுக்கு ஒளிந்து வாழக் குழி வேண்டும். மியூட்டன்ஸ் அப்படி அல்ல. குறைந்ததுபோலக் காட்டிவிட்டு, காபி, டீ, பிஸ்கட் என்று மணிக்கொரு தரம் இனிப்புப் போனால் சில வாரம், சில மாதத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். எந்தக் கருவியால் எடுத்தார்கள் என்பது இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. மாற்றுவது இனிப்பு எத்தனை முறை என்பதும், ஃப்ளோரைடு பேஸ்ட்டால் இரண்டு வேளை தேய்ப்பதும். இந்தியாவில் பேஸ்ட்டில் ஃப்ளோரைடின் உச்சவரம்பு 1,000 பிபிஎம்; தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் அது வீணாகிறது.

கடைசியாக, பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம். விட்டு அடைத்த பல்லின் எக்ஸ்ரேயில் அடைப்புக்குக் கீழே கறுப்பு நிழல் தெரியத்தான் செய்யும். இரண்டு மூன்று வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் அதைப் பார்த்தால், "அடைப்புக்குக் கீழே மறுபடியும் சொத்தை" என்று பிரித்துக் குடைய நேரலாம், எதைத் தவிர்க்கப் பாடுபட்டோமோ அதுவே நடக்கும். அதனால் அடைத்த அன்றே எக்ஸ்ரே நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பல், எந்தத் தேதி, அடியில் வேண்டுமென்றே மென்மையான டென்டின் விடப்பட்டது என்று சீட்டில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் எடுக்கும் படத்தை அதோடு ஒப்பிட வேண்டும். நிழல் அதே அளவில் இருந்து, பல் சில்லிப்புக்கு இயல்பாகக் கூசி உடனே அடங்கினால், அதை யாரும் தொட வேண்டியதில்லை. நிழல் பெரிதானாலோ, வேர்நுனியில் புதிதாகக் கறுப்பு தெரிந்தாலோ, அப்போது திறக்கலாம்.